சோலார் பம்ப்: ஃப்ளோட் சுவிட்ச் ஒட்டிக்கொள்கிறது, எதை வாங்குவது?

லிம்சூகாங் தோட்டம்:
மழைநீர்க் கிணறு, 1.2 மீட்டர் அகல உறை, 3 மீட்டர் ஆழம். 40 மீட்டர் தள்ளி 1,000 லிட்டர் மேல்தொட்டி. 24 வோல்ட் டிசி (நேர்மின்சார) பம்ப், 180 வாட். 100 வாட் பேனல் இரண்டு சீரிஸில், பேட்டரி கிடையாது. கண்ட்ரோலரிலிருந்து (பம்பை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி) பம்புக்குப் போகும் பாசிட்டிவ் வயரிலேயே கேபிள் ஃப்ளோட் (தண்ணீர் மட்டத்தோடு சாய்ந்து இணைப்பை மூடித் திறக்கும் மிதவை சுவிட்ச்) மாட்டியிருக்கிறது. 250 வோல்ட், 10 ஆம்ப்ஸ் என்று போட்டிருக்கிறது. தொட்டி நிரம்பி வழிந்தாலும் பம்ப் நிற்பதில்லை, மிதவையைத் தட்டினால் நிற்கிறது. 16 ஆம்ப்ஸ் வாங்கினால் சரியாகுமா? கிணறு வற்றினாலும் பம்ப் நிற்க வேண்டும்.

ஜூரோங் வயர்மேன்:
அண்ணே, 16 ஆம்ப்ஸ் வாங்கினாலும் இதே கதிதான். அந்தக் கணக்கு ஏசிக்கு, அதாவது வீட்டு மாறுமின்சாரத்துக்கு. 50 ஹெர்ட்ஸ் ஏசி விநாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால், சுவிட்ச் திறக்கும்போது எழும் பொறி தானாக அணைந்துவிடும். டிசியில் அது நடக்காது. போதாததற்கு மோட்டார் சுருளில் தேங்கிய சக்தி வேறு பொறியை வளர்க்கும். சுவிட்சுக்குள் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டன, அவ்வளவுதான். மிதவையைப் பவர் வயரிலிருந்து எடுத்துவிடுங்கள். கண்ட்ரோலரில் தொட்டிக்கும் கிணற்றுக்கும் தனித்தனி சிக்னல் முனை (மிதவை வயரை மாட்டும் இடம்) இருக்கிறதா?

லிம்சூகாங் தோட்டம்:
நான்கு முனை இருக்கிறது. கிணற்று முனை இரண்டிலும் ஒரு துண்டு வயர் போட்டே வந்தது.

ஜூரோங் வயர்மேன்:
அப்படியானால் வேலை சுலபம். அந்தத் துண்டு வயர் இருக்கும்போது பம்ப் ஓடுகிறது, எனவே கிணற்றுப் பக்கம் ‘இணைப்பு மூடியிருந்தால் ஓடு’. துண்டைக் கழற்றி, மேலே மிதந்தால் மூடும் ஃப்ளோட்டைப் போடுங்கள். வயர் அறுந்தாலும் பம்ப் நின்றுவிடும், அதுதான் நமக்கு வேண்டியது. தொட்டி முனை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தொட்டி முனை இரண்டையும் ஒரு துண்டு வயரால் ஒரு நிமிடம் ஷார்ட் செய்து பாருங்கள். பம்ப் நின்றால், மிதவை மேலே வரும்போது மூடும் இணைப்பு. நிற்காவிட்டால், கண்ட்ரோலர் கையேட்டைப் பார்த்துக் கட்டுங்கள், திறந்திருக்கும்போதும் பம்ப் ஓடுகிறதே. மூன்று வயர் ஃப்ளோட்டில் நிறத்தை நம்பாதீர்கள், மல்டிமீட்டரில் பார்த்தே கட்டுங்கள். பழைய ஃப்ளோட்டை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். கருகிய முனையில் சில மில்லி ஆம்ப்ஸ் சிக்னல் சரியாகப் போகாது. தங்க முலாம் முனை உள்ளது கிடைத்தால் நல்லது.

குழாயடி:
சிறிய ரீட் மிதவை (காந்தம் நெருங்கினால் மூடும் சிறு சுவிட்ச் உள்ளது) வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சிக்னலுக்குப் போதும், ஆனால் ஒற்றை ரீட்டில் நிற்கும் மட்டத்துக்கும் ஓடும் மட்டத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஒரு வாளி பிடித்தாலே பம்ப் கிளம்பும். கேபிள் ஃப்ளோட்டில் அந்த இடைவெளி நம் கையில். கேபிளில் கட்டும் எடையிலிருந்து மிதவை வரை 25 செ.மீ. கேபிள் விட்டால், 45 டிகிரி மேலும் கீழும் சாயும் ரகத்தில் ஏறத்தாழ 35 செ.மீ. கிடைக்கும்.

கிணற்றில், பம்ப் உறிஞ்சும் வாய்க்கு மேல் 30 செ.மீ. தண்ணீர் இருக்கும்போதே மிதவை கவிழ வேண்டும். பம்ப் கயிற்றோடு சேர்த்துக் கட்டினால் சுற்றிக்கொள்ளும். எதிர்ப்பக்கம் தனி பிவிசி குழாயில் கட்டுங்கள். தொட்டியில் தண்ணீர் விழும் இடத்துக்குக் கீழே வைக்காதீர்கள், மிதவை குதித்துக் குதித்து பம்பை வெட்டும்.

ஜூரோங் வயர்மேன்:
40 மீட்டருக்கு ஷீல்டு கேபிள் (உள்ளே உலோக உறை சுற்றியது), பவர் வயரோடு ஒரே குழாயில் இழுக்காமல். ஷீல்டைக் கண்ட்ரோலர் முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். நம் சிங்கப்பூர் இடிக்கு சர்ஜ் அரெஸ்டரும் (மின்னலால் ஏறும் திடீர் வோல்ட்டைத் தடுப்பது) வேண்டும். தண்ணீருக்குள் ஜாயிண்ட் கூடவே கூடாது. அதன் உறை கசிந்தால் ஈரம் கேபிள் வழியே கண்ட்ரோலர் பெட்டி வரை ஏறும்.

குழாயடி:
தொட்டியில் கேபிள் நுழையும் ஓட்டையை கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுகும் அடைப்பு) போட்டு அடையுங்கள். விரலளவு சந்து போதும், ஏடிஸ் கொசு முட்டையிட்டு ஒரு வாரத்தில் பறந்துவிடும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் சோதனையில் முதலில் கண்ணில் படுவதும் அதுவே.

லிம்சூகாங் தோட்டம்:
கேபிள் பிவிசியா ரப்பரா?

குழாயடி:
நியோப்ரீன் ரப்பர். பிவிசி நாளாக விறைத்து மிதவையைச் சாயவிடாது. குடிக்கும் தண்ணீர் என்றால் மட்டும் அதற்கென அங்கீகாரம் பெற்ற கேபிள்.