ஒருமைக் கோட்பாடு பிரிவினைக்கு வழிவகுப்பது ஏன்?

கேள்வி:
தம்மை விசுவாசிக்கிற அனைவரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று யோவான் 17-ஆம் அதிகாரத்தில் இயேசு ஜெபித்தார். அந்த ஒருமையை நாடி எழுந்த இயக்கங்களே புதிய பிரிவுகளில் முடிந்தது ஏன்?

மறுமொழி 1:
19-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் எழுந்த பிரதரன் (சகோதரர்) சபைகளின் வரலாற்றைப் பாருங்கள். சபைப் பிரிவுகளைத் துறந்து கிறிஸ்துவின் நாமத்தில் மட்டும் கூடுவோம் என்றே அவர்கள் தொடங்கினார்கள். ஆனால் கிறிஸ்துவின் சரீரமாகிய திருச்சபை ஒன்றே என்பதால், ஒரு சபை விலக்கியவரை வேறெந்தச் சபையும் திருவிருந்தில் (இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனையில்) ஏற்கக் கூடாது என்று இயக்கத் தலைவர்களுள் ஒருவரான ஜான் நெல்சன் டார்பியின் தரப்பினர் வலியுறுத்தியபோது, இங்கிலாந்தின் பிளிமத் நகரச் சபையில் எழுந்த உபதேசத் தகராறு பிரிஸ்டல் சபையையும் பற்றிக்கொண்டு, 1848-இல் இயக்கத்தையே இரண்டாகப் பிளந்தது. ஒருமையைக் காக்க வகுத்த விதியே உள்ளூர்ப் பூசலை எங்கும் பரப்பியது என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

மறுமொழி 2:
அமெரிக்காவில் போதகர் தாமஸ் கேம்பெல் 1809-இல், வேதாகமத்தை மட்டும் அடிப்படையாகக் கொண்டு ஒன்றுபட அழைத்தார். அவர் வழிவந்தவர்களோ ஆராதனையில் இசைக்கருவிகள், மிஷனரி சங்கங்கள் ஆகியவை குறித்துப் பிரிந்து, 1906 சமயக் கணக்கெடுப்பில் தனித்தனியாகப் பதிவானார்கள்.

மறுமொழி 3:
ஆயினும், தவறான உபதேசத்தை விலக்கும் பொறுப்பு சபைக்கு உண்டு என்பதை மறுக்க இயலாது. கிறிஸ்துவை அறிக்கையிடும் ஒருவரை, ஒருமையைப் பற்றிய நம் விளக்கத்தை ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் திருவிருந்திலிருந்து தள்ளுவதையே நான் எதிர்க்கிறேன்.