லைன் ஷாஃப்டுக்குப் ‘பகிர்தண்டு’: ஒரு பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நெசவைப் பற்றிய நம் கட்டுரையில், ஆலைக் கூரையை ஒட்டிச் சுழலும் நீண்ட தண்டான லைன் ஷாஃப்டுக்கு முன்வைக்கப்பட்டுள்ள ‘வரிசைத்தண்டு’ என்ற சொல் எனக்கு நிறைவளிக்கவில்லை. அந்தத் தண்டு எதையும் வரிசைப்படுத்துவதில்லை. ஓர் எஞ்சினின் ஆற்றலைப் பல தறிகளுக்குப் பகிர்ந்தளிப்பதே அதன் வேலை. இங்கிலாந்தின் லங்காஷயரில், பர்ன்லி நகரை அடுத்த ஹார்ல் சைக்கில், 1895 முதல் 1982 வரை நீராவியால் ஓடிய குயீன் ஸ்ட்ரீட் நெசவாலையைச் சான்றாகக் கொள்ளலாம். ஏறத்தாழ ஆயிரம் தறிகளை ஓட்டியது 500 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை எஞ்சின்தான். (முதல் உலகப் போருக்குப் பின் அதற்குப் ‘பீஸ்’, அதாவது அமைதி, என்று பெயர் சூட்டினார்கள், தறிகள் ஓடும் கொட்டகையின் இரைச்சலை அறிந்தவர்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கும்.)

இத்தகைய ஆலைகளில், சுவரோரமாகச் செல்லும் முதன்மைத் தண்டிலிருந்து கூம்புப் பல்சக்கரங்கள் வழியாகக் குறுக்குத் தண்டுகள் பிரிந்து, தறிகளுக்கு மேலே கூரையை ஒட்டிச் சுழலும். ஆகவே பொதுப்பெயராகப் ‘பகிர்தண்டு’ என்பதையும், வேறுபடுத்தவேண்டிய இடங்களில் ‘தாய்த்தண்டு’, ‘கிளைத்தண்டு’ என்பவற்றையும் பரிந்துரைக்கிறேன்.

தண்டின் சுழற்சியைத் தறிக்குக் கொண்டுசெல்லும் பெல்ட்டுக்கு ‘நாடா’ வேண்டாம். நம் கைத்தறியாளர்களிடம் நாடா என்பது ஊடையை, அதாவது குறுக்கிழையை, சுமந்து குறுக்கே ஓடும் கருவி. நெசவைப் பற்றிய கட்டுரையிலேயே அச்சொல்லை வேறு பொருளில் ஆள்வது குழப்பத்தை விலைக்கு வாங்குவதாகும். அந்தக் காலத்துப் பெல்ட்டுகள் தோலால் ஆனவை என்பதால் ‘தோல்வார்’ பொருந்தும். ‘இயக்குவார்’ அழகான சொல்தான், ஆனால் யாரை இயக்குவார் என்ற கேள்வி எழும்.

கப்பிகளில்தான் கூடுதல் கவனம் தேவை. ஒவ்வொரு தறியின் அச்சிலும் இரண்டு கப்பிகள் அருகருகே இருக்கும்: ஒன்று அச்சோடு பிணைக்கப்பட்டது, மற்றது அச்சைச் சுழற்றாமல் அதன்மேல் தனியே சுற்றுவது. நெசவாளர் கைப்பிடியைத் தள்ளினால் தோல்வார் இரண்டாவதிலிருந்து முதலாவதற்கு நகர்ந்து தறி ஓடத் தொடங்கும். ஊடை அறுந்தால் கைப்பிடி விடுபட்டு, வார் பழைய இடத்துக்குத் திரும்பும்; மேலே தண்டு சுழன்றுகொண்டிருக்க, அந்த ஒரு தறி மட்டும் நிற்கும். முதலாவதை ‘நிலைக்கப்பி’ என்றால், பள்ளி இயற்பியலில் இடம்பெயராத கப்பிக்கு வழங்கும் பெயரோடு மோதுகிறது. ‘பிணைகப்பி’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை. மற்றதற்கு ‘வெறுங்கப்பி’ போதும். ‘தளர்கப்பி’ என்று எழுதினால், பழுது என்று நினைத்துப் படிப்பவர் திருகு தேடப் போய்விடுவார்.