தி ஃபேமிலி ஸ்டோன் படத்துக்கு சப்டைட்டில் போகப்போக லேட்டாகுது, உதவி வேணும்

2005-ல வந்த படம், டயான் கீட்டன் அம்மாவா வருவாங்க, மூத்த பையன் காதலிய கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு கூட்டிட்டு வர்ற கதை. எங்கம்மாவுக்கு காது சரியா கேக்காது, அதனால சப்டைட்டில் இல்லாம பார்க்கவே முடியாது. அந்தப் படத்துல ஒரு பையனுக்கு காது கேக்காது, குடும்பமே கையால சைகை காட்டிக்கிட்டேதான் பேசும், அதுக்காகவே அம்மாவுக்கு இதை காட்டணும்னு ரொம்ப நாளா ஆசை.

என்கிட்ட இருக்குறது பால் (PAL, ஐரோப்பா, இந்தியா பக்கத்து டிவி முறை) டிவிடி, நொடிக்கு 25 ஃப்ரேம் (படம்) ஓடும். டிஸ்க்ல இங்கிலீஷ் சப்டைட்டில் இல்ல, தனியா எஸ்ஆர்டி ஃபைல் (வசனமும் அது வர்ற நேரமும் எழுதியிருக்குற ஃபைல்) எடுத்தேன். ஆரம்பத்துல கரெக்டா வருது, அரை மணி நேரத்துல 1 நிமிஷத்துக்கு மேல பின்தங்குது, அந்த டின்னர் டேபிள் சண்டை வரும்போது யார் என்ன சொன்னாங்கன்னே புரியல, கடைசில 4 நிமிஷம் லேட். படம் 103 நிமிஷம்னு போட்டிருக்கு, என் டிஸ்க் 99 நிமிஷத்துல முடியுது, ஆனா சீன் எதுவும் கட் ஆன மாதிரி தெரியல.

விஎல்சில (கம்ப்யூட்டர்ல வீடியோ பார்க்குற சாஃப்ட்வேர்) ஜி, எச் கீ அழுத்தி சப்டைட்டில் நேரத்தை நகர்த்திப் பார்த்தேன், ஒரு சீனுக்கு செட்டாகுது அடுத்ததுக்கு மறுபடி தள்ளிப்போகுது. வேற ரெண்டு ஃபைல் மாத்தியும் அதே கதை. டிவி பிளேயர்லயும் பென்டிரைவ்ல போட்டு பார்த்தாச்சு. 24-ம் தேதி ராத்திரி பார்க்கணும்.

இந்த ஃபைல் நொடிக்கு 23.976 ஃப்ரேம் ஓடுற பதிப்புக்கு செஞ்சதுன்னு நினைக்கிறேன், என் டிஸ்க் அதைவிட வேகமா ஓடுது. அப்படி 23.976 ஃப்ரேமுக்கு செஞ்ச எஸ்ஆர்டியை மொத்தமா 25-க்கு சுருக்க எந்த இலவச சாஃப்ட்வேர்ல என்ன ஆப்ஷன் கொடுக்கணும்?