புதுப்பிப்பு: மழை பெய்தாலே கத்திய வாயு சென்சார்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் சாண எரிவாயுக் குழியருகே மாட்டிய டின் ஆக்சைடு சென்சார், மழை வந்தாலே கசிவு என்று ஏன் கத்துகிறது எனப் போன மாதம் கேட்டிருந்தேன். காரணம் ஈரப்பதம்தான்.

சூடான டின் ஆக்சைடு துகளின் மேல் ஆக்சிஜன் ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடித்துவைக்கும், மின்தடை ஏறும். சாண எரிவாயுவில் கலந்திருக்கும், அழுகிய முட்டை வாடையடிக்கும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு வந்தால் அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்து எலக்ட்ரான்களை விடுவிக்கும்; தடை இறங்கும். அதைத்தான் சென்சார் கசிவு என்று எடுத்துக்கொள்கிறது. நீராவி பட்டாலும் தடை இறங்குகிறது! துகள் சுமார் 6 நானோமீட்டருக்குக் கீழே போனால் உணர்திறன் சட்டென்று எகிறுமாம். காப்பர் ஆக்சைடு சேர்த்தால் இன்னும் அழகு: இந்த வாயு பட்டதும் அது காப்பர் சல்பைடாக மாறி மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தும்.

சரி, நான் செய்தது: முதலில் 48 மணி நேரம் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரை ஓடவிட்டேன். அப்புறம் ஈரப்பத சென்சார் ஒன்றைச் சேர்த்து அளவைத் திருத்தினேன். இரண்டு மழை போயும் பொய் அலாரம் இல்லை.

ஆனால் இதை நம்பி யாரும் குழிக்குள் இறங்காதீர்கள், தயவுசெய்து. காற்றில் ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் அந்த அழுகிய முட்டை வாடையே மூக்குக்குத் தெரியாமல் போகும். இறங்குவதற்குச் சான்று பெற்ற மீட்டர் வேண்டும். மேலே ஆள் நிற்க வேண்டும்.