படகில் மோர்ட்டன் தீவுக்கு கேம்ப் போக நினைக்கும் பிரிஸ்பேன் புதியவர்களுக்கு

இங்கே வந்து எட்டு மாதம் ஆன தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “அண்ணா, 4.3 மீட்டர் அலுமினியப் படகு ஒன்று டிரெய்லரோடு மலிவாக வருகிறது. செப்டம்பர் பள்ளி விடுமுறைக்கு மனைவி, இரண்டு பிள்ளைகளோடு அதிலேயே மோர்ட்டன் தீவுக்குப் போய்க் கடற்கரையில் டென்ட் போடலாமா?” இதே கேள்வி வருடா வருடம் வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

படகு வாங்குங்கள். மோர்ட்டனுக்கும் போங்கள். இந்த ஊருக்கு வந்தபின் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போன இடம் அந்தத் தீவுதான். ஆனால் இரண்டையும் முதல் வருடமே ஒன்றாகச் சேர்க்காதீர்கள்.

பிரிஸ்பேன் பக்கத்து ஸ்கார்பரோ படகுத் துறையிலிருந்து தீவின் மேற்குக் கரையில் உள்ள டாங்கலூமா வரை நேர்கோட்டில் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். நடுவில் பிரிஸ்பேன் துறைமுகத்துக்குப் போகும் பெரிய கப்பல்களின் பாதையும் உண்டு. காலை ஏழு மணிக்குக் கரையில் நின்று பார்த்தால் வளைகுடா முழுக்கக் கண்ணாடி மாதிரி கிடக்கும். அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். மோர்ட்டன் வளைகுடா ஆழம் குறைந்தது. 15 நாட் (மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர்) காற்று சில மணி நேரம் அடித்தால் போதும், குட்டையான, செங்குத்தான அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வரும். ஒன்றில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது முகத்தில் அறையும். காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் எதிர்ப்பக்கமும் போனால் இன்னும் மோசம். சாமான் ஏற்றிய 4.3 மீட்டர் படகில் நான்கு பேர் என்றால் படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண் மிஞ்சினாலே அதிகம். குடும்பத்தோடு இந்த வளைகுடாவைத் தாண்டுவதற்கு 5 மீட்டருக்குக் குறைந்த படகை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இனி முக்கியமான விஷயம், காற்றின் திசை. தூத்துக்குடி, பாம்பன் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான் என்று நாலு திசைக் காற்றுக்கும் பெயர் வைத்து, அதை வைத்தே தொழிலுக்குப் போகிறவர்கள் அவர்கள். மதுரையில் பிறந்த எனக்குக் காற்று என்றால் ஃபேன் காற்றுதான். இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன். கேம்ப் போடுகிறவர்கள் பெரும்பாலும் தங்குவது தீவின் மேற்குக் கரையில். தென்கிழக்குக் காற்று அடிக்கும்போது தீவே சுவர் மாதிரி மறைத்துக்கொள்ளும், தண்ணீர் அசையாது. அதே கரைக்கு மேற்குக் காற்று திரும்பினால் மறைவு எதுவும் கிடையாது. 25 கிலோமீட்டர் திறந்த தண்ணீரில் வளர்ந்து வந்த அலை உங்கள் படகின்மேல்தான் உடையும். ஆகஸ்டில் ‘எக்கா’ எனப்படும் பிரிஸ்பேன் கண்காட்சி நடக்கும் சமயத்தில் வீசும் மேற்குக் காற்றை இந்த ஊர்க்காரர்கள் எக்கா காற்று என்றே சொல்வார்கள். கோடையில் பிற்பகலானால் வடகிழக்குக் கடல்காற்று எழும்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஆகஸ்ட் மாதம், 5.2 மீட்டர் படகு, டாங்கலூமா ரெக்ஸுக்கு வடக்கே கூடாரம். ரெக்ஸ் என்பது படகுகளுக்கு மறைவிடம் அமைப்பதற்காக 1963 முதல் 1984 வரை வேண்டுமென்றே மூழ்கடித்த 15 பழைய கப்பல்கள். அவற்றைச் சுற்றி முக்குளித்துவிட்டு வந்து, மாலையில் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் தூத்துக்குடிக்காரர். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மாப்ளை, கச்சான் எடுத்தா படகை எங்க கொண்டு கட்டுவீங்க?” என்று கேட்டார். மேற்குக் காற்று ஞாயிறு பிற்பகல்தான் திரும்பும் என்று முன்னறிவிப்பில் இருக்கிறது, நாம் காலையிலேயே கிளம்பிவிடுவோம் என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

சனி இரவு இரண்டு மணிக்குக் கூடாரத் துணி படபடவென்று அடிக்கும் சத்தத்தில் எழுந்தேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினால், பின்பக்க நங்கூரம் இழுபட்டுப் படகு கரைக்குப் பக்கவாட்டாகத் திரும்பிக் கிடந்தது. ஒவ்வொரு அலையும் உள்ளே ஒரு அண்டா தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போனது. நானும் மாமனாரும் மார்பளவு தண்ணீரில் நின்று படகின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பப் பார்த்தோம், முடியவில்லை. விடியும்போது படகுக்குள் பாதி மணல். பேட்டரி, ரேடியோ எல்லாம் போயிற்று. மனைவியும் பிள்ளைகளும் வண்டிகள் ஏற்றும் பார்ஜில் திரும்பினார்கள். இரண்டு நாள் கழித்துத் தன்னார்வ மீட்புப் படகுக்காரர்கள் எங்கள் படகை இழுத்து வந்து சேர்த்தார்கள். அவர்கள் அன்றைக்குப் பேசிய கனிவை நான் மறக்கவில்லை.

தப்பு என்னுடையது. முன்னறிவிப்பில் சொன்ன நேரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்னாலேயே காற்று திரும்பலாம் என்று நான் இடம் விட்டிருக்க வேண்டும். இப்போது தங்கும் நாட்களில் எந்த நாளிலாவது மேற்கு அல்லது வடமேற்கு 15 நாட்டுக்கு மேல் போட்டிருந்தால் பயணமே கிடையாது. முகாம் அனுமதிக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும். போகிற நாளை மட்டும் பார்க்காமல், திரும்புகிற நாளையும் அதற்கு அடுத்த நாளையும் சேர்த்துப் பாருங்கள்.

நங்கூரத்திலும் நான் சோம்பேறித்தனம் காட்டியிருந்தேன். மணலுக்கு டான்ஃபோர்த் மாதிரியான தட்டையான நங்கூரம், அதோடு இரண்டு மூன்று மீட்டர் சங்கிலி, ஆழத்தைப் போல ஐந்து மடங்கு கயிறு. ஆழம் என்றால் கடல்நீர் ஏற்றத்தின் உச்சியில் இருக்கப்போகும் ஆழம். நம் பாம்பன் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான், இங்கே இரண்டு மீட்டரைத் தொடும். மாலையில் முழங்கால் தண்ணீரில் நிறுத்திய படகு நள்ளிரவில் காய்ந்த மணலில் உட்கார்ந்திருக்கும், அல்லது நீந்திப் போகவேண்டிய தூரத்தில் மிதக்கும். ஏற்றவற்ற அட்டவணையைப் பார்க்காமல் எந்த இடத்திலும் இரவுக்கு நிறுத்தாதீர்கள்.

சரி, காகித வேலை. மோட்டார் 4.5 கிலோவாட்டுக்கு மேல் இருந்தால் ஓட்டுபவருக்குப் படகு உரிமம் வேண்டும். போட்சேஃப் என்ற படகோட்டும் பயிற்சி வகுப்புக்குப் போய்த் தேறிவிட்டு விண்ணப்பிக்கலாம். படகுக்குத் தனிப் பதிவு, டிரெய்லருக்குத் தனிப் பதிவு. வாங்கும்போது இரண்டையும் கேளுங்கள். தீவின் பெரும்பகுதி தேசியப் பூங்கா, குவாண்டமூக்கா என்ற பூர்வகுடி மக்களின் பூர்வீக நிலம். அவர்கள் மொழியில் அதன் பெயர் முல்கும்பின். கூடாரம் போட முன்கூட்டியே ஆன்லைனில் அனுமதி எடுக்க வேண்டும். நாய் கூடாது. விறகு பொறுக்கக் கூடாது, கேஸ் அடுப்பு கொண்டு போங்கள். குடிக்க ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் கணக்கில் தண்ணீர் கொண்டு போவது எங்கள் வழக்கம். குப்பை அத்தனையும் திரும்ப நம்மோடு வர வேண்டும்.

டிரெய்லரைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடி வந்தால் சக்கரத்தின் பேரிங் சூடாகியிருக்கும். அப்படியே உப்புத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் சூடான காற்று சுருங்கி, சீல் வழியாகக் கடல்நீரை இழுத்துக்கொள்ளும். அடுத்த மாதம் நடுரோட்டில் சக்கரம் இறுகி நிற்கும். துறைக்கு வந்ததும் சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டால் பொறுங்கள். அந்த நேரத்தில் ஓரமாக நின்று சாமானை ஏற்றுங்கள், டிரெய்லர் விளக்கின் பிளக்கைக் கழற்றுங்கள், படகின் பின்னால் வடிகால் அடைப்பான் இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். அதை மறந்து தண்ணீரில் இறக்கிப் படகு முங்குவதை அந்தத் துறையிலேயே பார்த்திருக்கிறேன். சரிவில் நிறுத்திவைத்துக்கொண்டு ஐஸ்பெட்டி ஏற்றினால் பின்னால் நிற்பவர்களுக்குக் கோபம் வரும், அது நியாயமான கோபம்.

ரிவர்ஸ் எடுக்கப் பழகும்போது ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடியுங்கள். கை போகும் திசையில் டிரெய்லரின் பின்புறம் போகும். ஞாயிறு காலையில் காலியாகக் கிடக்கும் கார் நிறுத்தம் ஒன்றில் இரண்டு மணி நேரம் பழகினால் கை வந்துவிடும்.

பெட்ரோல் கணக்கு: போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. படகில் வைக்கும் விஎச்எஃப் ரேடியோவில் அவசரத்துக்கு 16ஆம் சேனல். கிளம்பும்போது எத்தனை பேர், எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று மரைன் ரெஸ்க்யூ என்ற தன்னார்வக் கடல் மீட்புக் குழுவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பியதும் வந்துவிட்டோம் என்று சொல்ல மறக்காதீர்கள், இல்லாவிட்டால் உங்களைத் தேடி ஒரு படகு புறப்படும்.

அக்கா ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார்: “எங்கள் வீட்டில் யாருக்கும் நீச்சல் தெரியாது, லைஃப் ஜாக்கெட் போட்டால் போதுமா?” அக்கா, முதலில் நீச்சல் வகுப்பில் சேருங்கள். நகராட்சி நீச்சல்குளங்களில் பெரியவர்களுக்கும் வகுப்பு உண்டு, நான் 38 வயதில்தான் சேர்ந்தேன். லைஃப் ஜாக்கெட்டைப் பெட்டியில் வைத்திருந்தால் அது இல்லாததற்குச் சமம். படகு கவிழும் நேரத்தில் எடுத்துப் போட முடியாது. எங்கள் படகில் ஏறும் எல்லோரும் கரையிலேயே போட்டு, பிள்ளைகளுக்குக் கால் இடுக்குப் பட்டையையும் மாட்டிவிட்டுத்தான் ஏறுவார்கள். லெவல் 100 என்று குறித்திருக்கும் வகை ஜாக்கெட்டை வாங்குங்கள். அதிலுள்ள கழுத்துப்பட்டை முகத்தை மேல்பக்கமாகத் தூக்கிப் பிடிக்கும்.

தம்பி, உங்களுக்கு என் யோசனை இது. இந்த செப்டம்பருக்கு உங்கள் குடும்பம் பார்ஜில் மோர்ட்டன் போகட்டும். கூடாரத்தில் தங்கி, பகல் இரவு இரண்டிலும் அந்தக் கரையில் தண்ணீர் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். படகை வாங்கினால் முதல் ஆறு மாதம் இதே வளைகுடாவில் கிளீவ்லாந்து கரையிலிருந்து பக்கத்திலுள்ள பீல் தீவுக்குப் போய் வாருங்கள். ஏறக்குறைய 4 கிலோமீட்டர்தான். அங்கே ஹார்ஸ்ஷூ பே தெற்கே திறந்திருக்கும், அதனால் வடக்குக் காற்று நாளில் போங்கள், தெற்கு அடித்தால் வேண்டாம். எதிர்க்காற்றில் படகு எப்படிக் குதிக்கிறது, திரும்பும்போது எவ்வளவு பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கிறது என்பதெல்லாம் அந்த 4 கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும்.

வாங்குவதற்கு முன் அந்தப் படகை நானும் வந்து பார்க்கிறேன். வெயில் நேரத்தில் வேண்டாம், காலையில் போவோம். டிரெய்லரின் அடிச்சட்டத்தைத் துரு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க ஒரு சுத்தியல் மட்டும் எடுத்து வாருங்கள்.