பங்குனி, சித்திரையில் வேப்பெண்ணெய் அடிக்கலாமா? மல்லிகை மொட்டும் தேன்சிட்டுக் கூடும்

கொல்லைப்பக்கம்:
வெயில் தொடங்கியதும் தோட்டக் குழுக்களில் வரும் அறிவுரை ஒன்றுதான்: வாரம் ஒருமுறை தோட்டம் முழுக்க வேப்பெண்ணெய் அடியுங்கள். இதை நான் எதிர்க்கிறேன். மல்லிகை மொட்டுக் கட்டுவதும், செம்பருத்தியும் இட்லிப்பூவும் பூத்துக் குலுங்குவதும், தேன்சிட்டு கூடு கட்டுவதும் இதே மாதங்களில்தான். தேன்சிட்டு பூந்தேன் குடித்தாலும் குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியும் சிலந்தியும். கூட்டை ஒட்டிப் பிணைக்கவே சிலந்தி வலைதான் வேண்டும். முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு வாரம், குஞ்சு பறக்க மேலும் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல். அந்த ஒரு மாதமாவது தோட்டத்தில் எதையும் தெளிக்காதீர்கள்.

மல்லிச்சரம்:
அப்படியானால் மல்லிகையை மறந்துவிட வேண்டியதுதான். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு மேலே உள்ள கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யும் செடி, மார்ச் முதல் ஜூன் வரைதான் அள்ளிக் கொடுக்கும். அப்போதுதான் மொட்டுப்புழுவும் வரும். மொட்டில் வட்டமாகத் துளை போட்டு உள்ளே தின்னும், பிறகு பக்கத்து மொட்டுக்குப் போகும். முற்றிவிட்டால் கொத்தையே நூலால் பிணைத்துவிடும். தெளிக்காமல் இதை எப்படித் தடுப்பீர்கள்?

இன்னொன்று. மல்லிகையை விரியும் முன்பே மொட்டாகப் பறித்துவிடுகிறோம். தேனீ வந்து உட்கார அங்கே பூவே இருக்காது. வேம்பின் வேதிப்பொருள் இலையைத் தின்னும் புழுவின் வயிற்றுக்குள் போனால்தான் முழுதாக வேலை செய்யும்; புழு தீனியை நிறுத்தும், தோலுரிக்க முடியாமல் சாகும். வெயிலில் சில நாளில் சிதைந்தும் போகும். இதை ரசாயன மருந்தோடு சேர்த்துப் பேசுவது நியாயமில்லை.

கொல்லைப்பக்கம்:
மொட்டுக்குள் புகுந்த புழுவைத் தெளிப்பு எப்படித் தொடும், சொல்லுங்கள். துளை தெரிந்த பிறகு அடிப்பவர்கள்தான் அதிகம். அது வீண். துளை விழுந்த மொட்டையும் ஊதா நிறமாகிய மொட்டையும் தினமும் காலையில் கிள்ளி, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். கீழே உதிர்ந்ததையும் விடக்கூடாது.

அடுத்து, பலரும் மொட்டுப்புழு என்று நினைப்பது மொட்டு ஈயாக இருக்கும். துளையே இல்லாமல் மொட்டின் அடிப்பகுதி வீங்கி, குட்டையாகி, ஊதா நிறம் ஏறி உதிர்ந்தால் அது ஈயின் வேலை. அதன் புழு மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும். செடியின் தலையில் எண்ணெய் அடித்து என்ன பயன்? மேல்மண்ணை இரண்டு மூன்று செ.மீ. ஆழம் வாரம் ஒருமுறை கிளறி வெயில் படவிடுங்கள். தரையில் நட்ட செடிக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு தூவிக் கிளறலாம்.

நாரத்தை:
மல்லிகையை விடுங்கள், அண்ணா. உண்மையான சேதம் எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் நடக்கிறது. "தோட்டம் முழுக்க" என்று அடிக்கும்போது எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரண்டு வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களும் போய்விடும். இளம்புழு பார்க்கப் பறவை எச்சம் மாதிரி இருப்பதால் நோய் என்று நினைத்து நசுக்குகிறார்கள். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னால் கொம்பு நீட்டி நாற்றம் விடும், அது கடிக்காது. நன்றாக வேர்பிடித்த மரம் நாலைந்து புழுவைத் தாங்கும். தொட்டியில் இருக்கும் ஒரு முழக் கன்று தாங்காது, மொட்டையாகிவிடும். கன்றில் இருப்பதைக் கையால் எடுத்து, அதே வகைப் பெரிய செடிக்கு மாற்றுங்கள். எலுமிச்சையில் வளர்ந்ததைக் கறிவேப்பிலையில் விட்டால் தின்னாமல் போகலாம்.

மல்லிச்சரம்:
எலுமிச்சைக்கு அடிக்கச் சொல்லி நான் எங்கும் எழுதவில்லையே, தம்பி. மல்லிகைக்கு மட்டும்தான் சொல்கிறேன், அதுவும் மொட்டு மிளகளவில் இருக்கும்போதே. புழு உள்ளே போகுமுன் அதுதான் நேரம்.

வேப்பெண்ணெயைக் கெட்ட பெயருக்கு ஆளாக்குவது தவறான கலவை. தண்ணீரில் நேராக எண்ணெயை ஊற்றினால் மேலே மிதக்கும், தெளிப்பானின் கடைசிக் கால்பங்கு வெறும் எண்ணெயாக வந்து இலையைக் கருக்கும். முதலில் 3 மி.லி. எண்ணெயில் சில துளி காதி சோப்புக் கரைசல் விட்டு, பால்போல் வெளுக்கும்வரை அடியுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒரு லிட்டர் தண்ணீர். கோடையில் 5 மி.லி.யைத் தாண்டவே கூடாது, மாலை ஐந்துக்கு முன் அடிக்கவும் கூடாது. எண்ணெயே வேண்டாம் என்றால் 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்துப் பிழியுங்கள். இலை கருகும் பயம் குறைவு. அன்றே தீர்த்துவிட வேண்டும்.

செவ்வரளி:
இருவரும் பெரிய ஆபத்தைத் தாண்டிப் போகிறீர்கள். செம்பருத்தி மாவுப்பூச்சிக்குக் கடையில் இமிடாகுளோபிரிட் என்ற ரசாயனப் பூச்சிமருந்தை எடுத்துத் தருகிறார்கள். அது செடிக்குள் ஊடுருவிப் பூந்தேனிலும் மகரந்தத்திலும் சேரும். தேன்சிட்டும் கொசுத்தேனீயும் குடிப்பது அதைத்தான். போதாததற்கு, அதை அடித்த செடியில் இலைச் சாற்றை உறிஞ்சும் நுண்ணிய செஞ்சிலந்தி பெருகுவதும் உண்டு. மாவுப்பூச்சிக்குக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பாதி போகும். மிச்சத்தைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும், மாவுப்பூச்சியைக் காக்கும் எறும்பு ஏறாமல் தடுத்தால். தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே கல்மேல் வையுங்கள். தட்டுத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டாவிட்டால் கொசு வளரும்.

மல்லிச்சரம்:
இமிடாகுளோபிரிட் விஷயத்தில் முழுச் சம்மதம். செஞ்சிலந்திக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் அடிப்பவர்கள் கவனிக்க: எண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் பட்டால் இலை வெந்துவிடும். சித்திரை உச்சி வெயிலில் கந்தகம் தனியாகவே கருக்கும். இலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சுவதே மேல்.

கொல்லைப்பக்கம்:
மிளகளவு மொட்டில் ஒருமுறை, மாலையில், மல்லிகைக்கு மட்டும் என்றால் என் எதிர்ப்பு பாதி குறைகிறது. மீதிப் பாதி நிற்கிறது. மல்லிகைப் பந்தலிலேயே தேன்சிட்டு தொங்கல் கூடு கட்டியிருந்தால் என்ன செய்வீர்கள்?

மல்லிச்சரம்:
கூடு தொங்கும் கிளையையும் அதைச் சுற்றி இரண்டு மீட்டரையும் விட்டுவிடுவேன். மற்ற செடிகளுக்குக் காற்றில்லாத மாலையில் அடிப்பேன்.

கொல்லைப்பக்கம்:
குஞ்சுக்கு இரை தேடும் பறவை இரண்டு மீட்டரோடு நிற்காது. அந்தப் பந்தலில் குஞ்சு பறக்கும்வரை கிள்ளிப் போடுவது மட்டும்தான் சரி. பத்துச் செடிக்குக் காலையில் கால்மணி நேரம் போதும்.

மல்லிச்சரம்:
பத்துச் செடிக்குச் சரி. பந்தல் முழுக்கப் படர்ந்த கொடிக்கு ஏணி வேண்டும், ஏணியை வைத்தாலே தாய்ப்பறவை கூட்டை விட்டுப் போய்விடக்கூடும். அங்கே தரையில் நின்று நீளக் குழாயால் கீழ்க்கொத்துகளுக்கு மட்டும் தெளித்து, மேலே உள்ளதை அந்தக் கூட்டுக்கே விட்டுவிடலாம்.