லியாவ்செங் வணிகர் மண்டபத்தில் பண்பாடு எங்கே இருக்கிறது?

கேள்வி:
சீனப் பெருங்கால்வாய்க் கரையில் லியாவ்செங் நகரத்திலுள்ள ஷான்ஷி, ஷென்ஷி மாகாண வணிகர்களின் மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். 1743-இல் கட்டத் தொடங்கியதாம். மரச்செதுக்கல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கூட வந்தவர், "பணக்காரர்கள் பெருமைக்குக் கட்டியது, இதில் என்ன பண்பாடு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1:
செதுக்கலை விடுங்கள் நண்பரே. நாடக மேடையின் பின்னறைச் சுவரைப் பார்த்தீர்களா? ஆட வந்த குழுக்கள் தங்கள் பெயரையும் நடித்த நாடகங்களையும் அங்கே மையால் எழுதிவிட்டுப் போயிருக்கின்றன. கூத்தாடிகளின் பெயரை எந்த அரசாங்க ஏடு குறித்துவைத்தது? எனக்கு அந்த மண்டபத்திலேயே விலைமதிப்பில்லாதது அந்தச் சுவர்தான். அடுத்தது கல்வெட்டுகள். எந்தக் கடை எவ்வளவு கொடுத்தது, கட்டவும் பழுதுபார்க்கவும் எவ்வளவு செலவானது என்று கணக்கு வெட்டியிருக்கிறது. பெருமைக்காக மட்டும் கட்டியவர்கள் செலவுக் கணக்கை ஊரார் பார்க்கக் கல்லில் வைப்பார்களா?

அப்புறம் மேடை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். சன்னதியைப் பார்க்கிறது. உள்ளே இருப்பவர் குவான் யூ, கி.பி. 220-இல் இறந்த தளபதி. சொன்ன சொல் தவறாதவர் என்பதால் வணிகர்களுக்குத் தெய்வம். அதோடு அவர் ஷான்ஷிக்காரர். பிழைக்க வந்த இடத்தில் சொந்த ஊர்ச் சாமி.

பதில் 2:
வெளியூரில் இறந்துபோன வணிகரின் சவப்பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்து ஊருக்கு அனுப்பும் பொறுப்பையும் இத்தகைய மண்டபங்களை நடத்திய வணிகர் சங்கங்கள் ஏற்றன. தங்க இடம், வழக்கென்றால் பேச ஆள், கடைசியில் சொந்த மண். உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

பதில் 3:
சூசோ நகரத்திலும் ஷான்ஷி வணிகர்களின் மண்டபம் ஒன்று உண்டு. இப்போது அது குன்சு இசைநாடக அருங்காட்சியகம். மேடைக்கு மேலே சுருள் சுருளாக உயரும் மரக்கூரை இருக்கிறது, பாடுபவரின் குரலை எடுத்துக் கொடுப்பதற்காக.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பின்னறைச் சுவரை நான் பார்க்கவே இல்லை! சரி, இத்தனை பேர் வந்துபோன ஊர் ஏன் இப்படி அடங்கிப்போனது?

பதில் 1:
1855-இல் மஞ்சள் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வடக்கே திரும்பியது. கால்வாயைக் குறுக்கே வெட்டியது. அதற்கு வடக்கே, லியாவ்செங் பக்கம், தண்ணீர் குறைந்து வண்டல் மேடிட, படகுகள் நின்றன. 1912-இல் முடிந்த தியான்ஜின் ரயில் பாதையும் லியாவ்செங்கைத் தொடாமல் ஜினான் நகரம் வழியாகப் போய்விட்டது. 2014-இல் யுனெஸ்கோ பெருங்கால்வாயை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மறுபடி போனால் பின்னறைக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். எழுத்து மங்கல், பொறுமையாகப் பார்க்க வேண்டும்.